ஜெபா மேடமும் இன்னும் ஒரு ரவுண்டும்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், மெட்ரோ தூண்களை ஒட்டி ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது. அதன் மாடியறையில் ஜெபா பதினோரு வருஷமாக ஸ்பீச் தெரபி செய்கிறாள். வாசல் பலகையில் ‘பேச்சுப் பயிற்சி மையம்’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, இங்கிலீஷ் பேசச் சொல்லித்தருகிற இடமாக்கும் என்று ஏறி வருகிறவர்கள் மாதத்துக்கு நாலு பேராவது உண்டு. திக்குகிற பிள்ளைகள், காதில் மிஷின் வைத்துக்கொண்டு பேசப் பழகும் பிள்ளைகள், பக்கவாதத்தில் பேச்சை இழந்த பெரியவர்கள், இவர்களுக்கான இடம் இது என்று ஜெபா பொறுமையாக விளக்குவாள். வந்தவர்கள் "சாரி மேடம்" என்று இறங்கிப் போவார்கள். பலகையை மாற்றி எழுது என்று அவள் கணவன் டேனி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான். எதையும் மாற்றுவதிலும் முடிப்பதிலும் ஜெபாவுக்குக் கொஞ்சம் சுணக்கம் உண்டு. அந்தச் சுணக்கம் ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் இங்கே சொல்லவந்தது.

ஆவடியில் பிறந்து வளர்ந்தவள். இப்போது குடியிருப்பது நெமிலிச்சேரியில், ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில். வயது முப்பத்தொன்பது. வேலையில் கெட்டிக்காரி, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. வார்த்தை வராமல் ஒருவர் தவிக்கும்போது நாமெல்லாம் என்ன செய்வோம்? அவசரப்பட்டு அந்த வார்த்தையை நாமே எடுத்துக் கொடுத்துவிட்டு, பெரிய உபகாரம் செய்தவர்போல் உட்கார்ந்திருப்போம். ஜெபா கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்திருப்பாள். டீ ஆறினால் ஆறட்டும், கீழே லாரிக்காரன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். அவரே சொல்கிறவரைக்கும் அவள் அசைய மாட்டாள்.

இந்தத் தொழிலில் ஒரு கஷ்டம் இருக்கிறது. பல் டாக்டர் தான் பிடுங்கிய பல்லை நினைத்து ஏங்குவதில்லை. பேச்சு அப்படியில்லை. ஒருவரோடு வாரம் இரண்டு நாள் எதிரெதிரே உட்கார்ந்து, அவர் எதைச் சொல்ல நினைக்கிறார், எதை எண்ணி வெட்கப்படுகிறார், பெண்டாட்டிமேல் என்ன கோபம் என்பதெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, ஒருநாள் அவர் நன்றாகப் பேச ஆரம்பிக்கிறார். அன்றோடு அவருக்கு இவள் வேண்டாம். வேலையைச் சரியாகச் செய்ததற்குக் கிடைக்கும் சம்பளம் காலி நாற்காலி. கல்லூரியில் நான்கு வருஷம் படித்தாள். எப்படி ஆரம்பிப்பது, எப்படிச் சோதிப்பது என்பதற்குத் தடிதடியாகப் புத்தகங்கள் இருந்தன. எப்படி முடிப்பது என்பதற்கு ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தில்கூட, முடித்த அன்றைக்குச் சாயங்காலம் தெரபிஸ்ட் வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டும் என்று போட்டிருக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சந்தோஷ் என்று ஆறு வயதுப் பையன் ஒருவனுக்கு இரண்டு வருஷம் பேச்சு சொல்லிக்கொடுத்துத் தேற வைத்தாள். ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை. சாயங்காலம் அவன் அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: ‘கோயம்புத்தூர் ஷிஃப்ட் ஆகிட்டோம் மேம், தேங்க்ஸ் ஃபார் எவ்ரிதிங்.’ கீழே கும்பிடு போடுகிற கை ஒன்று. ஜெபா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "புள்ள நல்லாயிட்டான்னா சந்தோஷம்தானே படணும்?" என்று டேனி கேட்டான். சந்தோஷம்தான், அதுதான் பிரச்சினையே என்று சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. வாய் பேசாதவர்களைப் பேச வைக்கிறவளுக்குத் தன் விஷயத்தில் வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு வழக்கம் வந்தது. யாராவது தேறி, முடிக்கிற நேரம் நெருங்கினால், "இன்னும் ஒரு ரவுண்டு பார்த்துடலாம்" என்பாள். ஒரு ரவுண்டு என்றால் எட்டு வாரம். பெற்றோரும் சந்தோஷமாகத் தலையாட்டுவார்கள். இவ்வளவு அக்கறையா என்று அக்கம்பக்கத்தில் அவளுக்கு நல்ல பெயர்.

ஏகாம்பரம் வந்தது போன வருஷம் ஆடி மாதம். ஐம்பத்திரண்டு வயது, பஸ் கண்டக்டர். பூந்தமல்லி-ஆவடி வழித்தடத்தில் பல வருஷம் தொண்டை கிழியக் கத்தியவர், ஒரு காலையில் மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டு வாயடைத்துப் போனார். கை கால் சீக்கிரம் தேறிவிட்டது. பேச்சுதான் வரவில்லை. மற்றவர்கள் சொல்வது புரியும், சொல்ல வேண்டியதும் மனசில் இருக்கும், நாக்கு நுனிக்கு வரும்போது வார்த்தை காணாமல் போய்விடும். கூட்டிவந்த மனைவி கோமளா அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். செவ்வாயும் வெள்ளியும் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சென்னீர்குப்பத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்து அவரைக் கூட்டிக்கொண்டு வருவாள்.

முதல் நாள் பெண்டாட்டி பெயர் கேட்டபோது அவருக்குச் சொல்ல வரவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. ஜெபா யோசித்துவிட்டு, "பூந்தமல்லி" என்று மட்டும் சொல்லி நிறுத்தினாள். அவர் வாய் தானாகத் திறந்தது. "கரையான்சாவடி, சென்னீர்குப்பம், காடுவெட்டி, பருத்திப்பட்டு, ஆவடி" என்று தடங்கலே இல்லாமல் ஓடியது. கோமளா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பழகிப் பழகிப் படிந்துபோன பேச்சு மூளையில் வேறு பாதையில் பத்திரமாக இருக்கும், அது தெரபிஸ்டுகளுக்குத் தெரிந்த விஷயம். ஜெபா அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டாள். காடுவெட்டியில் யார் ஏறுவார்கள், பருத்திப்பட்டில் யார் சில்லறை தர மாட்டார்கள் என்று ஒவ்வொரு ஸ்டாப்பிங்காக நிறுத்தி நிறுத்தி ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்று வாங்கினாள். ஏழாவது வாரம் அவர் யாரும் கேட்காமல் தானாகவே ஒரு வாக்கியம் பேசினார். "மேடம்... டீ... குடிச்சீங்களா?" குடித்தேன் என்று சொல்லிவிட்டு ஜெபா பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அன்றைக்கு அவளுக்கிருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

ஆரம்பத்தில் அவருக்குப் பத்து இலக்குகள் எழுதி வைத்திருந்தாள். வீட்டார் பெயர் சொல்வது, கடையில் சாமான் கேட்பது, போனில் இரண்டு நிமிஷம் பேசுவது, இப்படி. பொங்கல் முடிந்து சோதித்தபோது பத்துக்குப் பத்து. வேகம் கம்மி, நடுவே நிறுத்தி நிறுத்திப் பேசுவார், ஆனால் எல்லாம் வந்தது. நியாயமாக அன்றைக்கே மகிழ்ச்சியாகச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். ஜெபா தாளைத் திருப்பிப் பதினொன்றாவது இலக்கை எழுதினாள்.

ஜனவரி கடைசியில் கோமளா ஒரு சேதியோடு வந்தாள். டெப்போவில் உத்தமன் என்று ஒரு யூனியன்காரர். டைம் ஆபீசில் உட்கார்ந்து பார்க்கும் லேசான வேலை ஒன்று காலியாக இருக்கிறது, ஏகாம்பரத்துக்குக் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

"மூணு மாசத்துக்கு ஒருக்கா மெடிக்கல் போர்டு உக்காருமாம் மேடம். பிப்ரவரில ஒண்ணு கீதாம். பேச்சு சரியாயிடுச்சுன்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்தா போதும்னாரு."

"அவசரப்பட வேணாம்க்கா," என்றாள் ஜெபா. "வேலைக்குப் போய் அங்க வார்த்தை வராம நின்னா மனசு உடைஞ்சிடும். இன்னும் ஒரு ரவுண்டு பார்த்துடலாம்."

கோமளா ஏகாம்பரத்தைப் பார்த்தாள். ஏகாம்பரம் தரையைப் பார்த்தார். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருவரும் இறங்கிப் போனார்கள். பிப்ரவரி போர்டு போயிற்று.

மார்ச்சும் போய் ஏப்ரல் வந்தது. வெயில் ஏறியது, கண்ணாடிக் கடை மாடி அடுப்பாகக் காய்ந்தது. ஏகாம்பரம் தவறாமல் வந்தார், ஆனால் பேச்சு குறைந்துகொண்டே போனது. கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில். மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் பாத்ரூம் போயிருந்தபோது கோமளா மெதுவாகச் சொன்னாள்.

"ஊட்ல பேசறதே இல்ல மேடம். டீக்கடைக்குப் போறத வுட்டுட்டாரு. போன் அடிச்சா எங்கிட்ட நீட்றாரு. நல்லாத்தான வந்துகினு இருந்தாரு, திரும்ப அந்த நோய் வந்துச்சா?"

ஜெபாவுக்குப் பகீரென்றது. அன்றைக்கே முழுச் சோதனையும் மறுபடி வைத்தாள். பத்துக்குப் பத்து. பொங்கலுக்கு வாங்கிய மார்க்கேதான், ஒன்றுகூடக் குறையவில்லை. நோய் திரும்பவில்லை என்று தெரிந்தது. பின்னே ஏன் பேச்சு நின்றது? அவர்கள் போன பிறகு ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படித்தாள்.

படிக்கப் படிக்க முகம் சுட்டது. பத்தாவது இலக்கு வரை நீல மை. அதற்குப் பிறகு கறுப்பு மையில் அவள் கையெழுத்து தொடர்ந்துகொண்டே போனது. பதினொன்று, செய்தித்தாள் தலைப்பு வாசித்தல். பன்னிரண்டு, நகைச்சுவைத் துணுக்கு சொல்லுதல். பதினான்கு, ஆட்டோக்காரரிடம் பேரம். பதினேழு, அரசியல் விவாதம். பத்தொன்பது, திருமண வீட்டில் அறிமுகமில்லாத ஒருவருடன் பதினைந்து நிமிஷம் உரையாடுதல். டேனிக்கு இன்றைக்கும் பத்தொன்பதாவது வராது. கல்யாண வீட்டில் பந்திக்குப் போகிறவரைக்கும் போனையே பார்த்துக்கொண்டிருப்பான். நாக்கில் எந்தக் கோளாறும் இல்லாத மனுஷனுக்கே எட்டாத இலக்கை, பக்கவாதம் வந்து தேறிய கண்டக்டருக்கு எழுதி வைத்திருக்கிறாள். எழுதும்போது அக்கறை என்றுதான் தோன்றியது. இப்போது படிக்கையில் வேறொன்று தெரிந்தது. அவர் போய்விடக் கூடாது என்று அவள் போட்ட பூட்டுகள் அவை. வெட்கத்தில் அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவர்கள் வந்ததும் ஜெபா பாடத்தை எடுக்கவில்லை. ஃபைலைத் திறந்து ஏகாம்பரத்தின் முன்னால் தள்ளி வைத்தாள்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். பொங்கல் முடிஞ்சு ஒரு டெஸ்ட் வெச்சேன்ல, அதுலயே நீங்க பாஸ் பண்ணிட்டீங்க. பத்துக்குப் பத்து. வேலைக்குப் போற அளவுக்கு அப்பவே பேசினீங்க. பிப்ரவரிலயே நான் லெட்டர் குடுத்திருக்கணும். குடுக்கல. தப்பு என்னோடது."

கோமளாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் குரல் உயரவில்லை, இறங்கியது.

"அப்பவேவா மேடம்? அரை நாள் அரை நாளா லீவு போட்டுகினு சூப்பர்வைசர் கைல எத்தினி வாங்கிக் கட்டிகினேன் தெரியுமா? சரி, என்னிய வுடுங்க. இந்த மனுசன் மூஞ்சப் பாருங்க."

ஏகாம்பரம் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். நீல மையில் பத்து டிக் அடையாளங்கள், பக்கத்தில் ஜனவரி தேதி. டிக்கெட்டும் தேதியும் பார்த்தே வயசானவர், அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஃபைலை மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது. வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை.

"வுடுய்யா, கோச்சிக்காத," என்று கோமளா ஆரம்பித்தாள். அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

ஜெபா வழக்கம்போல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பதினோரு வருஷத் தொழிலில் முதல் தடவையாக, ஒருவருக்கு வார்த்தை வராமலே போகட்டும் என்று மனசுக்குள் வேண்டினாள். வேண்டிய அடுத்த நொடியே தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வார்த்தை வந்தது.

"மூணு மாசம்... டீக்கடைக்கு... போவல. போன்... எடுக்கல. மேடமே இன்னும்... ஒரு ரவுண்டுன்றாங்க. அப்ப நான்... சரியில்ல. என் பேச்சு... சரியில்ல. அப்டித்தான மேடம்... நெனைப்பான்... ஒரு மனுசன்?"

இத்தனை நாளில் அவர் ஒரே தடவையில் பேசிய மிக நீளமான பேச்சு அது. தொழில் புத்தி, ஜெபாவின் மனசு தானாகவே வார்த்தைகளை எண்ண ஆரம்பித்திருந்தது. சே, என்று தன்னையே அடக்கிக்கொண்டாள்.

"ஆமாண்ணா. யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க."

"ஏன்?" என்றார் ஏகாம்பரம்.

பொய் சொல்ல நல்ல நல்ல காரணங்கள் கைவசம் இருந்தன. புத்தகத்திலிருந்தே எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

"நீங்க முடிச்சுட்டா வர மாட்டீங்க. செவ்வாய்க்கிழமை, வெள்ளிக்கிழமை மூணு மணியானா படியில உங்க செருப்பு சத்தம் கேக்கும். அது இல்லாம இருக்கறத நினைச்சா எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. எனக்கு இருந்த கஷ்டத்த உங்க தலையில கட்டிட்டேன். மன்னிச்சுக்கோங்கன்னு கேக்கறதுக்குக்கூட எனக்கு வாய் வரல."

ஏகாம்பரம் ஃபைலை அவள் பக்கம் தள்ளினார். கோபம் தணிந்த மாதிரித் தெரியவில்லை. தணிய வேண்டும் என்று என்ன சட்டம்? கோமளா முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே மெட்ரோ வேலைக்காரர்கள் இரும்பை இறக்கும் சத்தம் கேட்டது.

"எழுதுங்க," என்றார்.

ஜெபா எழுதினாள். மே மாத மெடிக்கல் போர்டு அடுத்த செவ்வாய்க்கிழமை. யூனியன்காரர் உத்தமன் அந்த டைம் ஆபீஸ் நாற்காலியை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் இன்னும் பிடித்து வைத்திருந்தார். எழுதி முடித்ததை அவருக்கு வாசித்துக் காட்டினாள். பேச்சுப் பயிற்சி முழுமையாக முடிந்தது, பொதுமக்களிடம் பேசும் பணிக்கு இவர் தகுதியானவர், பதில் சொல்லச் சில விநாடிகள் கூடுதலாக எடுத்துக்கொள்வார், அது குறையாகக் கருதத் தக்கதல்ல. பயிற்சி முடிந்த தேதியாக ஜனவரியைப் போட்டு, கடிதம் தாமதமானதற்குத் தானே பொறுப்பு என்று இன்னொரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டாள். ஏகாம்பரம் தாளை வாங்கி, கடைசி வரியைத் தானே ஒரு தரம் எழுத்துக்கூட்டிப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"போறேன்... மேடம்."

"இன்னாய்யா போறேன்ற? போய்ட்டு வரேன்னு சொல்லு," என்று கோமளா பதறினாள். சண்டையே போட்டாலும் வாசலில் யாரும் அந்த வார்த்தையை அப்படி வெறுமனே விடுவதில்லை.

ஏகாம்பரம் தலையை ஆட்டினார். "இல்ல கோமளா. ஆஸ்பத்திரில... சொல்லக் கூடாது. இங்க திரும்ப... வரக் கூடாது."

"அண்ணா சொல்றதுதான்க்கா சரி," என்றாள் ஜெபா. "போங்கண்ணா."

அவர் படியிறங்கினார். கோமளா ஒரு நிமிஷம் தயங்கி நின்று, ஜெபாவின் தோளை ஒரு தரம் தொட்டுவிட்டு, அவர் பின்னால் போனாள். கீழே கண்ணாடிக் கடை அப்துல் ரசாக் பாயிடம் ஏகாம்பரம் ஏதோ சொல்வதும், பாய் சிரிப்பதும், மறுபடி இவர் ஏதோ சொல்வதும் கேட்டது. என்ன பேசினார்கள் என்று மாடிக்குச் சரியாகக் கேட்கவில்லை. எட்டிப் பார்த்துக் கேட்க வேண்டும்போல் இருந்ததை அடக்கிக்கொண்டு ஜெபா நாற்காலியிலேயே இருந்தாள். அந்தப் பேச்சில் அவளுக்கு இனி வேலையில்லை. அழுகை வந்தது, அழுதாள். ஒருவரைப் பேச வைத்த பெருமையும், அவரைப் பேசாமல் ஆக்கிய அவமானமும், அவர் இல்லாத செவ்வாய்க்கிழமையும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன.

அடுத்தவர் வர அரை மணி நேரம் இருந்தது. முகம் கழுவிக்கொண்டு வந்து ஏகாம்பரத்தின் ஃபைலில் முடிந்தது என்று எழுதி, பயிற்சி முடித்தவர்களுக்கான அலமாரித் தட்டில் வைத்தாள். அந்தத் தட்டில் தூசி கிடந்தது. நடந்துகொண்டிருப்பவர்களின் தட்டு பிதுங்கி வழிந்தது. ஜெபா அந்த ஃபைல்களைக் கட்டாகத் தூக்கி மேஜைமேல் போட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நீல மை எங்கே முடிகிறது, கறுப்பு மை எங்கே ஆரம்பிக்கிறது என்று மட்டும் பார்த்தாள். மூன்று ஃபைல்களைத் தனியே எடுத்து வைத்தாள்.

முதலாவது நிவேதிதா, ஏழு வயது, திக்குவாய்க்கு வந்தவள். அம்பத்தூரில் ஃப்ளாட், அம்மா கிருஷ்ணப்பிரியா ஐ.டி.யில் வேலை செய்கிறவள். ஜெபா போனை எடுத்து அழைத்தாள். ஆபீஸ் நேரத்தில் தெரபிஸ்டிடமிருந்து போன் வந்ததில் மறுமுனை மிரண்டுவிட்டது.

"சொல்லுங்க மேம், பாப்பாக்கு ஏதாவது ப்ராப்ளமா? இன்னும் எத்தன ரவுண்டு போகணும்?"

ஜெபா வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை. கிருஷ்ணப்பிரியா "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். பிறகு காத்திருந்தாள்.

"ஒரு ப்ராப்ளமும் இல்லங்க," என்றாள் ஜெபா. "நிவேதிதா நல்லா பேசறா. அஞ்சு மாசமாவே நல்லாத்தான் பேசறா. நான்தான் உங்ககிட்ட சொல்லல."